நோன்புக்குக் கட்டி வைத்த டீவி

யுத்தம் முடிந்து நாலைந்து வருடம் இருக்கும். அந்த வருடம் நோன்பு மாதம் தென்மேற்குச் சோளகக் காற்றுக் காலத்தில் வந்திருந்தது. கற்பிட்டிப் பக்கம் ஆலங்குடாவில், கடற்கரைக்குப் போகும் மணல் ஒழுங்கை ஒன்றில் எங்கள் வீடு. கொடியில் காயப் போட்ட உடுப்பை எடுத்தால் பாதி மணலையும் சேர்த்துத்தான் எடுக்க வேண்டும், அப்படிக் காற்று. அந்த மாதத்தில் ஒரு பின்னேரம் நடந்ததைத்தான் எழுதுகிறேன். எழுதச் சொன்னது என் வீட்டுக்காரர். "ஊரே கேட்ட கதை, பேப்பர்லயும் வரட்டுமே" என்றார். அவர் ஏன் அப்படிச் சொன்னார் என்பது போகப் போக விளங்கும்.

எங்களுக்கு ஒரே மகன். அப்போது ஐந்து வயது. பேச மாட்டான். காதில் ஒரு குறையும் இல்லை. அடுத்த வீட்டில் மிக்ஸி போட்டால் இங்கே இவன் காதைப் பொத்திக்கொண்டு கட்டிலுக்குக் கீழே போய்விடுவான். ஆனால் பேரைச் சொல்லிக் கூப்பிட்டால் திரும்ப மாட்டான். நான் கூப்பிட்டாலும் சரி, அவன் வாப்பா கூப்பிட்டாலும் சரி, அது வேறு யாருடைய பேரோ என்பதுபோல இருப்பான். புத்தளம் ஆஸ்பத்திரியில் டொக்டர் அதற்கு ஒரு பேர் சொன்னார். ஊரில் ஆளுக்கொரு வைத்தியம் சொன்னார்கள். தண்ணீர் ஓதிக் கொடுத்தோம், நாக்கில் தேன் தடவினோம். "ஆம்புளப் புள்ளைகள் பிந்தித்தான் கதைக்கும்" என்று சொன்னவர்களும் இருந்தார்கள். அவர்களுக்கு மட்டும் நான் தேத்தண்ணீரோடு இரண்டு பிஸ்கட்டும் கூட வைப்பேன்.

அவன் வருவது ஒன்றுக்குத்தான். ஒவ்வொரு பின்னேரமும் டீவியில் சின்னப் பிள்ளைகளுக்கு எழுத்தும் எண்ணும் படிப்பிக்கிற நிகழ்ச்சி ஒன்று போகும். அது தொடங்கும்போது ஒரு இசை. முதலில் தனியாக ஒரு புல்லாங்குழல், பிறகு சின்ன மேளம், கடைசியில் பிள்ளைகள் எல்லாரும் சேர்ந்து கைதட்டி எண்ணுவார்கள். புல்லாங்குழல் ஊதினால் போதும், மகன் வளவில் எந்த மூலையில் நின்றாலும் வந்துவிடுவான். ஓடி வர மாட்டான், நடந்துதான் வருவான். வந்து டீவியின் பக்கத்தில் உள்ளங்கையை வைத்துக்கொண்டு நிற்பான். இசை முடிந்து மாமா ஒருவர் வந்து 'அ' எழுதத் தொடங்கியதும் கையை எடுத்துவிட்டுப் போய்விடுவான். நிகழ்ச்சியை அவன் ஒருநாளும் பார்த்ததில்லை. அந்த இசை முடிந்தால்தான் குளிக்க வருவான், குளித்தால்தான் சாப்பிடுவான். எங்கள் வீட்டுப் பின்னேரம் அதை வைத்துத்தான் ஓடியது.

ஆஸ்பத்திரிக்கு பஸ்ஸில் போகும்போது அவன் படுத்தும் பாடு தாங்காமல், அந்த இசையை நான் போனில் பதிந்து வைத்திருந்தேன். கட்டாரிலிருந்து தம்பி அனுப்பிய போன். டீவிக்குப் பக்கத்தில் பிடித்துக்கொண்டு மூச்சுக்கூட விடாமல் பதிந்துகொண்டிருக்கிறேன், சரியாக அந்த நேரத்தில் வீட்டுக்காரர் மீனோடு வந்து, சட்டியைக் கீழே வைத்துவிட்டு, கதவையும் திறந்தபடி விட்டுவிட்டார். பூனை உள்ளே வந்துவிட்டது. எனக்கு வாய் நிற்குமா? மேளத்துக்கும் எண்ணுகிற பிள்ளைகளுக்கும் நடுவில் என் குரல் பதிந்துவிட்டது: "கதவச் சாத்துங்க! பூன மீன் சட்டிக்க தலயப் போட்டுட்டு. எத்தின தரம் செல்லுற உங்களுக்கு?" அதற்குப் பின்னால் சட்டி மூடி விழும் சத்தமும் இருக்கிறது. திருப்பிப் பதிய வேண்டும் என்று நினைத்து நினைத்து அப்படியே விட்டுவிட்டேன். பஸ்ஸில் அதைப் போட்டால் பக்கத்து சீட்காரர்கள் சிரிப்பார்கள். மகன் மட்டும் சிரிக்க மாட்டான், போனில் கையை வைத்துக்கொண்டு கேட்பான்.

எங்கள் ஒழுங்கையில் ஒரு வழக்கம் இருக்கிறது. நோன்புக்குப் பிறை கண்டதும் டீவியைக் கழற்றி, பெட்ஷீற்றால் சுற்றிக் கட்டி, அலுமாரிக்கு மேல் ஏற்றிவிடுவோம். பெருநாள் பிறை காணும் வரை அது கீழே இறங்காது. யாரும் சட்டம் போட்டதில்லை. ஒரு வீட்டில் தொடங்கி மற்ற வீட்டுக்கு வந்து, இப்போது எல்லா வீட்டிலும் அதுதான். அந்த வருடமும் நானே சுற்றி, நானே முடிச்சுப் போட்டேன். பாட்டு எதுவும் வேண்டாம் என்று போனையும் ஒதுக்கி வைத்தேன். ஒரு மாதம்தானே, மறந்துவிடுவான் என்று இரண்டு பேரும் நினைத்தோம்.

மறக்கவில்லை. பின்னேரமானால் வெறும் மேசைக்குப் பக்கத்தில் வந்து நிற்பான். கையை வைக்க ஒன்றுமில்லாமல் மேசையில் வைப்பான். கொஞ்ச நேரம் நின்றுவிட்டுப் போவான். குளிக்க வரமாட்டான், தூக்கிக்கொண்டு போய்த்தான் ஊற்ற வேண்டும். எனக்கு மனசுக்குள் என்னவோ செய்யும். ஆனால் நோன்பு வீட்டில் வேலைக்கா குறைச்சல்? அடுப்படிக்கு ஓடிவிடுவேன்.

அன்றைக்குப் பின்னேரம் அஸர் தொழுது முடித்து நான் ரோல்ஸ் பொரித்துக்கொண்டிருந்தேன். இவர் வாளியோடு பள்ளிவாசலுக்கு நோன்புக் கஞ்சி எடுக்கப் போயிருந்தார். மற்ற மாதங்களில் எங்கள் தகரக் கேட்டில் எப்போதும் சங்கிலி கிடக்கும். நோன்பு மாதத்தில் அது முடியாத காரியம். இந்த வீட்டு வட்டிலப்பம் அந்த வீட்டுக்குப் போகும், அந்த வீட்டுக் கட்லட் இங்கே வரும். தட்டும் கையுமாக ஆட்கள் வருவதும் போவதுமாக இருப்பார்கள். நானும் ஒரு தட்டை அனுப்பிவிட்டு உள்ளே வந்து பார்த்தால், மேசையடியில் மகன் இல்லை. கட்டிலுக்குக் கீழே பார்த்தேன். குளியலறை, கோழிக்கூடு, விறகுக் கொட்டில் எல்லாம் பார்த்தேன். கேட் திறந்து கிடந்தது.

பக்கத்து வீட்டு ராத்தாவிடம் ஓடினேன். அவர், "இப்பத்தானே வந்து எங்கட மேசையடியில நிண்டான். நீ பின்னால வாறாய் எண்டு நெனச்சேன்" என்றார். அடுத்த வீட்டிலும் அதே கதை. வந்தானாம், மேசையைப் பார்த்தானாம், போய்விட்டானாம். அதற்கடுத்த வீட்டில் டீவி இருந்த மேசையில் பேரீச்சம்பழத் தட்டு வைத்திருந்தார்கள். தட்டுக்குப் பக்கத்தில் கையை வைத்துக்கொண்டு நின்றதாக அந்த வீட்டுப் பிள்ளைகள் சொன்னார்கள். அப்போதுதான் எனக்கு விளங்கியது. என் பிள்ளை அந்தப் பாட்டைத் தேடி வீடு வீடாகப் போயிருக்கிறான். எந்த வீட்டுக்குப் போயும் என்ன, எல்லா வீட்டு டீவியும் அலுமாரிக்கு மேல்தான் இருக்கிறது.

ஒழுங்கையின் கடைசி வீட்டுக்குப் பிறகு அவனைக் கண்டவர் இல்லை. அங்கிருந்து ஒரு பக்கம் போனால் கடல். மற்றப் பக்கம் வெங்காயத் தோட்டங்கள். கடலைவிட எனக்குப் பயம் தோட்டத்தில்தான். தோட்டத்துக் கிணறுகளுக்குக் கட்டு கிடையாது. மணலில் அகலமாகத் தோண்டியிருப்பார்கள், தண்ணீர் மேலேயே நிற்கும், ஒரு சின்னப் பிள்ளை நடந்துபோகிற நடையிலேயே உள்ளே போய்விடலாம்.

எங்கள் ஊர் ஆட்களைக் குறை சொல்ல வாய் வராது. இரண்டு நிமிடத்தில் எல்லாரும் இறங்கிவிட்டார்கள். நோன்புக் களைப்போடு, அடுப்பில் வைத்ததை அப்படியே விட்டுவிட்டு வந்தவர்கள் எத்தனை பேர். மோட்டார் சைக்கிள்கள் நாலா பக்கமும் போயின. பள்ளி ஒலிபெருக்கியில் மகனின் பேரை முழுசாகச் சொல்லி அறிவித்தார்கள். பெண்கள் பேரைச் சொல்லிக் கூவினார்கள், பையன்கள் விசில் அடித்தார்கள், இவர் தொண்டை கிழியக் கத்திக்கொண்டு கடற்கரைப் பக்கம் ஓடினார். ஊர் முழுக்க என் மகனின் பேர்தான். ஆனால் இந்தச் சத்தத்துக்கு அவன் என்ன செய்வான் என்பது எனக்குத் தெரியும். காதைப் பொத்திக்கொண்டு எங்கேயாவது ஒடுக்கமான இடமாகப் பார்த்து நுழைந்துவிடுவான். நுழைந்தால் பிறகு கிட்டப் போய் நின்று கூப்பிட்டாலும் அசைய மாட்டான். "கத்தாதீங்க, சத்தம் போடாதீங்க" என்று நான் சொல்லிப் பார்த்தேன். பெற்றவள் பதற்றத்தில் உளறுகிறாள் என்று நினைத்து, என் தோளைத் தட்டிவிட்டு இன்னும் உரத்துக் கூப்பிட்டார்கள்.

தோட்டப் பக்கம் பார்த்தேன். இரண்டு பேர் ஒரு கிணற்றடியில் நின்று நீளத் தடி ஒன்றை விட்டுத் துழாவிக்கொண்டிருந்தார்கள். அதைப் பார்த்ததும் வீட்டுக்கு ஓடி, அலுமாரிக்குள் கிடந்த போனை எடுத்துக்கொண்டு நேரே பள்ளிக்குப் போனேன்.

பள்ளி மௌலவி என்னைவிட வயதில் குறைந்தவர், ஊருக்கு வந்தும் அதிக நாளில்லை. என்னோடு முகம் பார்த்துக்கூடக் கதைக்க மாட்டார். மைக்கோடு நின்றவர் என்னைக் கண்டதும் வாசலுக்கு வந்தார். எனக்கு மூச்சு வாங்கியது. "கூப்பிட்டா அவன் வரமாட்டான், சத்தத்துக்கு ஒளிப்பான். இந்தப் பாட்டுக்கு மட்டுந்தான் வருவான்" என்று சொல்லி, பள்ளி வாசலில் நின்றபடியே போனில் அதைப் போட்டுக் காட்டினேன். புல்லாங்குழல் வந்தது, மேளம் வந்தது, பிறகு பூனையும் மீன் சட்டியும் வந்தது. அவர் தலையைக் குனிந்துகொண்டு கடைசி வரை கேட்டார்.

"ராத்தா, இத பள்ளி மைக்குல போட ஏலா" என்றார். அது எனக்கும் தெரியும். தெரிந்துதான் போனேன், வேறு எங்கே போவேன்? அழுகை வந்துவிட்டது. அவர் வெளியே காதைக் கொடுத்தார். காற்றோடு சேர்ந்து எங்கேயோ ஒரு மெட்டுக் கேட்டது. சூன் பாண் வருகிறது. மூன்று சில்லு ஓட்டோவில் கண்ணாடிப் பெட்டி பூட்டி, ஒரே மெட்டைத் திருப்பித் திருப்பிப் போட்டுக்கொண்டு பேக்கரிப் பாணும் பணிசும் விற்க வருவார்களே, அதுதான். நோன்பு காலத்தில் பின்னேரம்தான் எங்கள் ஊருக்கு வரும்.

"ஊர அமத்துறது என்ட வேல. பாட்டுக்கு அந்தா ஆள் வருது" என்று சொல்லிவிட்டு மௌலவி உள்ளே போனார். அடுத்த நிமிடம் ஒலிபெருக்கியில் அவர் குரல் கேட்டது. எல்லாரும் நிற்கிற இடத்திலேயே நில்லுங்கள், மோட்டார் சைக்கிளை நிறுத்துங்கள், பிள்ளையின் பேரைச் சொல்லிக் கூப்பிடாதீர்கள், வாய்க்குள் ஓதிக்கொண்டு நில்லுங்கள் என்றார். நான் சொல்லிக் கேட்காத ஊர் அவர் சொன்னதும் அடங்கியது. காற்றுச் சத்தம் மட்டும் மிச்சம் இருந்தது.

நான் பாண் ஓட்டோவை மறித்தேன். ஓட்டி வந்தவர் சிலாபத்துப் பக்கச் சிங்களவர், தமிழ் அரைகுறையாகப் பேசுவார். விஷயத்தைச் சொல்லி முடிக்க விடவில்லை. "நங்கி, போன் தாங்க" என்று தங்கை முறை வைத்துக் கேட்டு வாங்கி, தன் பெட்டியிலிருந்த வயரைக் கழற்றி என் போனில் கொழுவினார். சத்தத்தை அளவாகத் திருகினார். அவருடைய மெட்டு நின்று, எங்கள் புல்லாங்குழல் ஒலித்தது.

இப்போது நினைத்தால் சிரிப்பு வருகிறது. ஊர் மொத்தமும் மூச்சடக்கி நிற்கிறது. அதற்கு நடுவில் பாண் ஓட்டோவின் ஒலிபெருக்கியில் என் குரல், "கதவச் சாத்துங்க! பூன மீன் சட்டிக்க தலயப் போட்டுட்டு" என்று ஒழுங்கை ஒழுங்கையாகப் போகிறது. மற்ற நேரமாக இருந்தால் மானம் போய் மண்ணுக்குள் புதைந்திருப்பேன். அன்றைக்கு அது ஒன்றுமே தெரியவில்லை. பாட்டு முடிய முடிய அவர் திருப்பிப் போட்டார். ஓட்டோ மணலில் ஊர்ந்தது, நான் பக்கத்தில் நடந்தேன். வழியில் நின்றவர்கள் ஒவ்வொருவராக ஒரு சொல்லும் பேசாமல் பின்னால் சேர்ந்துகொண்டார்கள்.

தோட்டப் பாதையில் முதலில் போனோம். ஒவ்வொரு கிணற்றுக்கும் கிட்ட ஓட்டோவை நிறுத்தி அவர் பாட்டை ஒரு முறை முழுசாக விட்டார். அந்த இடங்களில் நான் தண்ணீரைப் பார்க்கவில்லை, கண்ணை மூடிக்கொண்டு நின்றேன். ஒருவரும் வரவில்லை. பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. திருப்பிக் கடற்கரைக்கு விட்டோம். அங்கே இவர் மணலில் தனியாக நின்றிருந்தார். ஓட்டோவில் என் குரலைக் கேட்டு அவர் முகம் போன போக்கை என்னால் மறக்க முடியாது. வந்து என் கையைப் பிடித்துக்கொண்டார்.

கருவாடு காயப் போடுகிற பந்தல்களுக்கு அந்தப் பக்கம், சோளகக் காலத்துக்கு என்று படகுகளைக் கரையில் ஏற்றிக் கவிழ்த்து வைத்திருந்தார்கள். ஓட்டோவுக்கு அதற்கு மேல் போக முடியவில்லை, சில்லு புதைந்துவிட்டது. அங்கேயே நிறுத்திப் பாட்டைப் போட்டார். புல்லாங்குழல் முடிந்து மேளம் வரும்போது, கவிழ்ந்திருந்த ஒரு படகின் கீழே, ஒரு நாய்தான் நுழையலாம் போல இருந்த இடைவெளியிலிருந்து, மணலோடு மணலாக என் மகன் வெளியே வந்தான்.

ஓடிப் போய்த் தூக்கத்தான் உடம்பு துடித்தது. இவர் என் கையை விடவில்லை. மகன் எங்களைப் பார்க்கவே இல்லை. ஓட்டோவை நோக்கி நடந்து வந்தான், எங்களைத் தாண்டினான், கண்ணாடிப் பெட்டியில் உள்ளங்கையை வைத்துக்கொண்டு நின்றான். உள்ளே பணிஸ் அடுக்கியிருந்தது. அவன் அதைக்கூடப் பார்க்கவில்லை. பாட்டில் என் குரல் வர வேண்டிய இடம் வந்தது. என் குரல் வருவதற்கு ஒரு நொடி முன்னால் அவன் வாயைத் திறந்தான்.

"கதவச் சாத்துங்க."

அப்படியே என் குரல். அந்த இழுப்பு, அந்தக் கோபம், ஒன்றும் குறையவில்லை. ஐந்து வருடமாக ஒரு சொல் வராத வாயிலிருந்து வந்த முதல் சொல் அதுதான். பின்னால் நின்ற பெண்கள் சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டார்கள். சிரித்தார்களா அழுதார்களா தெரியாது, இரண்டும்தான் என்று நினைக்கிறேன். இவர் மணலில் உட்கார்ந்துவிட்டார். நான் மகனுக்குப் பக்கத்தில் போய், அவனைத் தொடாமல், அதே கண்ணாடியில் என் கையையும் வைத்துக்கொண்டு நின்றேன். பிள்ளைகள் கைதட்டி எண்ணி முடிக்கும் வரை நின்றோம். பாட்டு முடிந்ததும் அவன் கையை எடுத்தான். அதற்குப் பிறகுதான் தூக்கினேன். தூக்க விட்டான்.

பள்ளியில் நோன்பு திறக்கிற மஃரிபு பாங்கு கேட்டது. எங்கள் யார் கையிலும் பேரீச்சம்பழம் இல்லை. பாண்காரர் கண்ணாடிப் பெட்டியைத் திறந்து, நின்ற எல்லாருக்கும் பணிசைப் பிய்த்துப் பிய்த்துக் கொடுத்தார், தன் தண்ணீர்ப் போத்தலையும் நீட்டினார். கடற்கரை மணலில் நின்றபடி நாங்கள் நோன்பு திறந்தோம். அல்ஹம்துலில்லாஹ் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன், விம்மல்தான் வந்தது. அப்படி ஒரு நிம்மதியை அதற்கு முன்னும் நான் கண்டதில்லை, பின்னும் கண்டதில்லை.

வீட்டுக்கு வந்ததும் இவர் கதிரையைப் போட்டு ஏறி அலுமாரிக்கு மேலிருந்த டீவியை இறக்கினார். ஊர் என்ன கதைக்கும் என்று கேட்டேன். "புள்ளைக்கு அது நேரம் காட்டுற மணிக்கூடு. மணிக்கூட ஆராவது நோன்புக்குக் கட்டி வைக்கிறயா?" என்றார். ஒருவரும் ஒன்றும் கதைக்கவில்லை. பின்னேரத்தில் அந்தப் பாட்டு நேரத்துக்கு மட்டும் போட்டு, மாமா 'அ' எழுத வந்ததும் நிறுத்திவிடுவோம். பெருநாளன்று மௌலவி வந்தார். மகன் வாசலில் நின்று அவரைப் பார்த்தும் "கதவச் சாத்துங்க" என்றான். அவர் உடனே திரும்பிப் போய்ப் பக்குவமாகக் கேட்டைச் சாத்திவிட்டு வந்தார். பாண்காரரைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். எங்கள் ஒழுங்கைக்குள் நுழைந்தால், "நங்கி, பூனை எப்படி?" என்று கேட்காமல் பாண் தர மாட்டார்.

இப்போது மகன் என் தோளுக்கு மேல் வளர்ந்துவிட்டான். சொற்கள் வந்திருக்கின்றன, அதிகமில்லை, தேவைக்கு இருக்கின்றன. அந்த நிகழ்ச்சியை எப்போதோ நிறுத்திவிட்டார்கள். அதற்கு இசை போட்டவர்கள் பிள்ளைகள் எண்ணப் பழக வேண்டும் என்றுதான் போட்டிருப்பார்கள். என் பிள்ளை அதை வைத்து எண்ணப் பழகவில்லை, வீட்டுக்குத் திரும்பி வந்தான். அவர்கள் யாரென்று தெரியாது, துஆவில் சேர்த்துக்கொள்கிறேன். மகன் இன்றைக்கும் பின்னேரத்தில் அதை முணுமுணுப்பான். புல்லாங்குழல், மேளம், பிறகு "கதவச் சாத்துங்க", அதற்குப் பிறகுதான் கைதட்டல். என் குரல் இல்லாமல் அவனுக்கு அந்தப் பாட்டே இல்லை. அவன் காதில் நான் விழவே மாட்டேனா என்று எத்தனையோ நாள் அழுதிருக்கிறேன். அவன் மனசில் வைத்திருந்த ஒரே பாட்டுக்குள் நான் பூனையோடும் மீன் சட்டியோடும் எப்போதோ போய் உட்கார்ந்திருக்கிறேன், எனக்குத்தான் அது தெரியாமல் இருந்திருக்கிறது.